வண்டி நின்ற தண்ணீர்

இங்கிலாந்தின் சஃபோக், எசெக்ஸ் எல்லையில் ஓடுகிறது ஸ்டூர் ஆறு. அதன் கரையில் ஃபிளாட்ஃபோர்டு என்றொரு சின்ன ஊர். ஓவியர் ஜான் கான்ஸ்டபிளின் அப்பாவுக்கு அங்கே ஒரு மாவு ஆலை இருந்தது. மகன் 1821இல் வரைந்த ‘தி ஹே வெய்ன்’ ஓவியத்தில், ஆலைப் பக்கத்துத் தண்ணீருக்குள் ஒரு வண்டி நிற்கும். வெயிலில் சக்கரத்து மரம் சுருங்கினால் இரும்புப் பட்டை கழன்றுவிடும், அதனால்தான் வண்டியை நனைக்கிறார்கள் என்று சிலர் விளக்கம் சொல்வதுண்டு. எங்கள் கம்பைநல்லூர்ப் பக்கம் மாட்டுவண்டி ஓட்டிய கிழவருக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

படத்திலுள்ள வீடு இன்றும் நிற்கிறது. 1970 முதல் அந்த ஆற்றுப் பள்ளத்தாக்கே பாதுகாக்கப்பட்ட பகுதி. சனங்கள் படத்தைப் பார்த்துவிட்டு ஊரைப் பார்க்கப் போகிறார்கள். வேடிக்கை என்னவென்றால், கான்ஸ்டபிள் அந்தப் படத்தை வரைந்து முடித்தது லண்டனில். முதலில் அங்கே விலைபோகாத படத்துக்கு 1824இல் பாரீஸ் தங்கப்பதக்கம் கொடுத்தது.

நம்மிடம் ஓவியர்கள் இல்லாமல் இல்லை. கும்பகோணம் பக்கத்துக் கிராமத்தில் பிறந்த ஓவியர் இளையராஜா, நம் வீட்டு அடுப்படி வெளிச்சத்தை அப்படியே துணியில் இறக்கியவர். அவரை 2021இல் கொரோனா கொண்டுபோனது. அவர் ஊரைத் தேடிப் போனவர்கள் எத்தனை பேர்? தென்பெண்ணைக் கரையையும் சாலையோரப் புளியமரங்களையும் வரைய இங்கே ஒருவர் உட்காரட்டும். சாலையை அகலப்படுத்தும் ஆட்கள் கோடரியோடு வருவதற்குள் உட்கார்ந்தால் நல்லது.