இறங்கச் சொல்வதும் இறங்கச் செய்வதும்

ஒரு தேசத்தின் தலைவர் மீது அபவாதம் எழுந்து, அவர் ராஜீநாமாச் செய்ய வேண்டுமென்ற குரல் நாற்புறமும் கேட்கும்போது, எல்லோருடைய பார்வையும் அவர் மீதே நிலைத்துவிடுகிறது. அவர் போவாரா, இருப்பாரா என்பதே ஊர்ப்பேச்சு. எதிர்க்கட்சி அச்சமயத்தில் எவ்விதம் நடந்துகொள்கிறது என்பதைக் கவனிப்பவர் சிலரே. ஆனால் அவர் போவதும் இருப்பதும் எதிர்க்கட்சியின் நடத்தையைப் பெரிதும் பொறுத்திருக்கிறது என்பது நமது அபிப்பிராயம். கோட்டையை முற்றுகையிடப் போனவர்களே அதன் மதிலைப் பலப்படுத்திவிட்டுத் திரும்பிய கதைகள் ஜனநாயகத்தின் சரித்திரத்தில் உண்டு.

'இறங்கு' என்று சொல்வது எளிது. அதற்குத் தொண்டை போதும். இறங்கச் செய்வதற்குச் சாட்சியம் வேண்டும், பொறுமை வேண்டும். அவர் இறங்கினால் நமக்கு என்ன கிடைக்கும் என்ற கணக்கை மறக்கும் மனமும் வேண்டும். தலைவரைப் பதவியில் தாங்கி நிற்பவர்கள் அவருடைய கட்சியினர். அவர்கள் கை விட்டாலொழிய அவர் விழமாட்டார். ஆதலால் எதிர்க்கட்சி தன் வழக்கை எடுத்துரைக்க வேண்டிய இடம், மறுபக்கத்தில் மனச்சாட்சி உறுத்த வாய் மூடி உட்கார்ந்திருக்கும் அங்கத்தினர்களின் செவியேயாகும். இவ்வுண்மையை அறிந்து நடந்த எதிர்க்கட்சி ஒன்றையும், அறியாமல் நடந்த எதிர்க்கட்சி ஒன்றையும் அமெரிக்கா 25 ஆண்டு இடைவெளிக்குள் கண்டது.

1972ஆம் வருஷம் ஜூன் 17ந் தேதி வாஷிங்டன் நகரில் வாட்டர்கேட் கட்டடத்திலிருந்த ஜனநாயகக் கட்சித் தலைமைக் காரியாலயத்தில் நுழைந்த ஐவர் பிடிபட்டனர். ஜனாதிபதியாயிருந்த மிஸ்டர் நிக்ஸன் குடியரசுக் கட்சியைச் சேர்ந்தவர். அதே வருஷம் நவம்பரில் நடந்த தேர்தலில் 50 ராஜ்யங்களில் 49ஐ வென்றார். காங்கிரஸின் இரு சபைகளிலும் பெரும்பான்மை ஜனநாயகக் கட்சிக்கு இருந்தது உண்மை. ஆயினும் ஜனங்கள் அவ்வளவு பெரிய ஆதரவை அளித்த ஒருவரை எதிர்க்கட்சி தன் எண்ணிக்கை பலத்தால் மட்டும் கீழே தள்ளியிருந்தால், அது நியாயமாகத் தோன்றியிராது. தேர்தலில் தோற்றவர்களின் பழிவாங்கலாகவே தோன்றியிருக்கும்.

செனட் சபையில் அக்கட்சியின் தலைவராயிருந்த மிஸ்டர் மான்ஸ்பீல்டு இதை ஆதியிலேயே உணர்ந்தார். விசாரணைக் கமிட்டி ஒன்றை நியமிக்கும் தீர்மானம் 1973 பிப்ரவரி 7ந் தேதி எதிர்ப்பின்றி 77 வாக்குகளால் நிறைவேறியது. கமிட்டிக்குத் தலைவராக, ஜனாதிபதி பதவியில் நாட்டமில்லாதவரும், அரசியல் சட்டத்தில் தேர்ந்தவருமான முதியவர் ஸாம் எர்வினை மான்ஸ்பீல்டு தேர்ந்தெடுத்தார். விசாரணை மேடையைத் தேர்தல் மேடையாக்கிக்கொள்ளக் கூடியவர்களுக்குத் தம் கட்சியின் சார்பில் அதில் இடம் தரவில்லை. ஜனாதிபதி மாளிகையின் பேச்சுக்கள் ஒலிநாடாவில் பதிவாகின்றன என்ற ரகசியம் அவ்வருஷம் ஜூலை 16ந் தேதி அந்தக் கமிட்டியின் முன் வெளிப்பட்டது. அதை வெளிக்கொணர்ந்த கேள்வியைப் பகிரங்க விசாரணையில் கேட்டவர் குடியரசுக் கட்சியின் தரப்பு வக்கீல் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். ஜனாதிபதியின் கட்சியினருக்கும் கேள்வி கேட்க இடமளித்ததால் விளைந்த பலன் அது.

அதே மாதம் 31ந் தேதி, பிரதிநிதி சபையில் பாதிரியார் டிரைனன் என்ற ஜனநாயகக் கட்சி அங்கத்தினர், ஜனாதிபதி மீது குற்றம் சாட்டிப் பதவி நீக்க வேண்டுமென்ற தீர்மானத்தைக் கொண்டுவந்தார். கம்போடியா மீது ரகசியமாகக் குண்டு வீசியதே அவர் காட்டிய காரணம். அவருடைய நேர்மையில் ஒருவருக்கும் சந்தேகமில்லை. ஆனால் அவருடைய கட்சித் தலைவர்களுக்கு நடுக்கம் கண்டது. எதிர்த்தரப்பார் உடனே வாக்கெடுப்புக் கேட்டுத் தீர்மானத்தைத் தோற்கடித்துவிட்டால் என்ன செய்வது என்று சபைக் கட்சித் தலைவர் ஓநீல் கவலைப்பட்டார். வக்கீல் தொழில் அறிந்தவர்களுக்கு அவருடைய கவலை நன்கு விளங்கும். சாட்சியம் சேராமல் தாக்கல் செய்த வழக்குத் தள்ளுபடியானால், பிறகு சாட்சி கிடைத்தாலும், 'முன்னமே தீர்ந்த விஷயம்' என்று பிரதிவாதி கைகட்டி நிற்பான். ஒரு வருஷத்திற்குப் பின், ஜனநாயகக் கட்சியே பெரும்பான்மையாயிருந்த நீதிக் கமிட்டியில் இதே கம்போடியாக் குற்றச்சாட்டு 12க்கு 26 என்ற வாக்கில் தள்ளுபடியாயிற்று. கட்சித் தலைவர்கள் பொறுத்திருந்தது எவ்வளவு விவேகம் என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டுவதில்லை.

அதைவிடப் பெரிய சோதனை அக்டோபரில் வந்தது. உபஜனாதிபதி ஆக்னியூ, வரி ஏய்ப்புக் குற்றச்சாட்டின் பேரில் 10ந் தேதி பதவியை விட்டார். உபஜனாதிபதி இல்லாத சமயத்தில் ஜனாதிபதி ஸ்தானம் காலியானால், அந்நாட்டுச் சட்டப்படி அது பிரதிநிதி சபையின் தலைவரைச் சேரும். அப்போது சபைத் தலைவர் கார்ல் ஆல்பர்ட், ஜனநாயகக் கட்சிக்காரர். நிக்ஸன் நியமித்த ஜெரால்டு போர்டை காங்கிரஸ் அங்கீகரிக்காமல் காலங்கடத்தி, அதற்குள் நிக்ஸனையும் வெளியேற்றினால், தேர்தலில் 49 ராஜ்யங்களை இழந்த கட்சி தேர்தலே இல்லாமல் ஜனாதிபதி மாளிகையில் குடியேறலாம். கட்சிக்குள் சிலர் இதைப் பகிரங்கமாகவே தூண்டினர். கைக்கெட்டிய கனி அது. ஆல்பர்ட் இணங்கவில்லை. போர்டின் நியமனத்தைச் செனட் 92க்கு 3 என்றும், பிரதிநிதி சபை 387க்கு 35 என்றும் அங்கீகரித்தன. டிசம்பர் 6ந் தேதி அவர் பதவியேற்றார்.

இதனால் விளைந்ததென்ன? நிக்ஸன் போனால் அந்த இடத்திற்கு அவர் கட்சிக்காரரே வருவார் என்பது அன்றே நிச்சயமாயிற்று. குடியரசுக் கட்சி அங்கத்தினர் ஒருவர் தம் தலைவருக்கு எதிராகக் கை தூக்கினால், தம் கட்சியின் ஆட்சியைக் காட்டிக்கொடுத்தவராக மாட்டார். மனச்சாட்சியின்படி நடக்க விரும்பியவருக்கு வழி திறந்தது. அதைத் திறந்துவைத்தவர்கள் எதிர்க்கட்சியார்.

1974 பிப்ரவரி 6ந் தேதி, விசாரணைக்குப் பிரதிநிதி சபை 410க்கு 4 என்ற வாக்கில் அதிகாரமளித்தது. நீதிக் கமிட்டியின் தலைவர் ரோடினோ, பிரதம வக்கீலாகக் குடியரசுக் கட்சியைச் சேர்ந்த ஜான் டோரை அமர்த்திக்கொண்டார். கமிட்டியின் 38 பேரில் 21 பேர் ரோடினோவின் கட்சியினர். முதல் நாளே வாக்கெடுத்து ஜெயித்திருக்கலாம். மாதக்கணக்கில் சாட்சியத்தைப் படித்துவிட்டு ஜூலை 27ந் தேதி வாக்கெடுத்தார். 27க்கு 11. ஜனாதிபதியின் கட்சியினரில் அறுவர் ஆதரவாக வாக்களித்திருந்தனர். அந்த ஆறு வாக்குகள் இல்லாமலும் தீர்மானம் நிறைவேறியிருக்கும். ஆனால் தேசம் அதை நம்பியிருக்காது. ஆகஸ்ட் 5ந் தேதி வெளியான ஒலிநாடா, நிக்ஸன் ஆரம்பத்திலேயே விசாரணையைத் தடுக்க முயன்றார் என்பதை ருசுப்படுத்தியது. 7ந் தேதி ஜனாதிபதி மாளிகைக்குச் சென்று, செனட்டில் ஆதரவு அற்றுப்போயிற்று என்று முகத்துக்கு நேரே சொன்ன கோல்ட்வாட்டர், ஸ்காட், ரோட்ஸ் மூவரும் அவருடைய கட்சிப் பெரியவர்களே. 9ந் தேதி நிக்ஸன் பதவி நீங்கினார். அவ்வருஷம் நவம்பர்த் தேர்தலில் பிரதிநிதி சபையில் ஜனநாயகக் கட்சிக்கு 49 ஸ்தானங்கள் அதிகமாயின. பறிக்க மறுத்த கனி தானே மடியில் விழுந்தது.

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். 1998இல் ஜனாதிபதி கிளிண்டன், தம் காரியாலயத்தில் பணியாற்றிய இளம்பெண் ஒருத்தியுடனான தொடர்பு பற்றிச் சத்தியப் பிரமாணத்தின் பேரில் பொய் சொன்னார் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. சத்தியப் பிரமாணத்தை மீறுவதைச் சிறு விஷயமென்று நாம் சொல்லவில்லை. அவர் கட்சியிலேயே மனம் வருந்தியவர்கள் பலர். விசாரணை தொடங்க வேண்டுமென்று அக்டோபரில் வாக்களித்தவர்களில் 31 பேர் ஜனநாயகக் கட்சியினர். இந்த மன வருத்தத்தைப் பேணி வளர்த்திருக்க வேண்டிய குடியரசுக் கட்சி, அதைத் தேர்தல் சரக்காக்கியது. நவம்பர்த் தேர்தலில் ஜனங்கள் ஜனாதிபதியின் கட்சிக்கே பிரதிநிதி சபையில் 5 ஸ்தானங்களை அதிகமாக அளித்தார்கள். அதன் பின்னும் அவர்கள் நிற்கவில்லை. டிசம்பர் 19ந் தேதி பெரும்பாலும் கட்சி வரிசைப்படியே வாக்களித்துக் குற்றம் சாட்டினர். 1999 பிப்ரவரி 12ந் தேதி செனட்டில் ஒரு குற்றச்சாட்டுக்கு 45 வாக்கும், மற்றொன்றுக்கு 50 வாக்குமே கிடைத்தன, தேவையானவை 67. கிளிண்டனின் கட்சியினர் ஒருவர்கூட அவருக்கு எதிராக வாக்களிக்கவில்லை. அவர்களை ஒரே அணியாகத் திரட்டிக் கொடுத்தவர்கள் எதிர்க்கட்சியாரே.

அந்த டிசம்பர் 19ந் தேதியே இன்னொன்றும் நடந்தது. சபைத் தலைவராக வரவிருந்த லிவிங்ஸ்டன், கிளிண்டனைப் பதவி விலகும்படி சபையில் கேட்டார். அதே பேச்சில், தம் சொந்த ஒழுக்கக் குறை வெளிப்பட்டுவிட்டதால் தாமும் விலகுவதாக அறிவித்தார். தன் வீட்டுக் கணக்கைச் சரிபார்க்காமல் அடுத்த வீட்டுக் கணக்கைக் கேட்கப் போகிறவர் கதி இதுதான்.

பார்லிமெண்டு முறையிலும் நியாயம் இதுவே. பிரிட்டனில் பிரதம மந்திரி ஜான்ஸன், கொரோனாக் கட்டுப்பாட்டுக் காலத்தில் தம் காரியாலயத்தில் நடந்த விருந்துகளைப் பற்றிச் சபைக்குத் தவறாகச் சொன்னார் என்ற புகார் எழுந்தபோது, தொழிற்கட்சித் தலைவர் ஸ்டார்மர் 2022 ஜனவரியிலேயே அவரை ராஜீநாமாச் செய்யச் சொன்னார். அந்தக் கோரிக்கையால் ஒன்றும் அசையவில்லை. ஏப்ரல் 21ந் தேதி, விஷயத்தைச் சபையின் உரிமைக் கமிட்டி விசாரிக்கட்டும் என்று எதிர்க்கட்சி அடக்கமான தீர்மானம் ஒன்றைக் கொண்டுவந்தது. உண்மை விளங்கட்டும் என்பதை மறுக்க ஆளுங்கட்சியினருக்கு நாவெழவில்லை. வாக்கெடுப்பின்றியே அது நிறைவேறியது. கொரோனா விதியை மீறியதாகத் தம் மீதே புகார் வந்தபோது, போலீஸார் அபராதம் விதித்தால் பதவி விலகுவதாக மே 9ந் தேதி ஸ்டார்மர் வாக்களித்தார். ஜூலை 8ந் தேதி போலீஸார் அவர் மீது குற்றமில்லை என்றனர். ஜான்ஸனை வீழ்த்தியவர்கள் அவருடைய மந்திரிகளே. ஜூலை 5ந் தேதி தொடங்கி அவர்கள் அடுக்கடுக்காக விலக, 7ந் தேதி அவரும் விலகச் சம்மதித்தார். ஆனால் அதே மாதம் 18ந் தேதி நம்பிக்கை வாக்கெடுப்பு என்று வந்தபோது, ஆளுங்கட்சி மீண்டும் ஒன்றுகூடி 349க்கு 238 என்ற வாக்கில் சர்க்காரைக் காப்பாற்றியது. தலைவரைக் கைவிட்ட அங்கத்தினர்களும் ஆட்சியைக் கைவிடவில்லை. உரிமைக் கமிட்டியோ தன் வேலையை விடாது செய்து, ஜான்ஸன் சபையை வேண்டுமென்றே ஏமாற்றினார் என்று 2023 ஜூனில் தீர்ப்பளித்தது. 7 பேர் மட்டுமே எதிர்க்க, 354 பேர் அதை ஏற்றனர்.

இதற்கு இரண்டு ஆட்சேபங்கள் கேட்கிறோம். காயம்பட்ட தலைவர் பதவியிலேயே இருப்பதுதான் எதிர்க்கட்சிக்கு லாபம், அடுத்த தேர்தல் வரை அவரை இருக்கவிடுவதே சாணக்கியம் என்கிறார்கள் சிலர். இது வியாபாரக் கணக்கு. குற்றத்தை அறிந்தும் வோட்டுக்காக அதை வளரவிடுகிறவர் குற்றத்தில் பங்காளியாகிறார். இடையில் சிதைவது ஜனங்களின் நம்பிக்கை. அது சிதைந்த பிறகு ஆட்சி எந்தக் கட்சியிடம் வந்தாலும் யாரும் அதை நம்பப் போவதில்லை.

பொறுமை என்பது கோழைத்தனத்துக்கு இட்ட அழகிய பெயர் என்பது மற்றோர் ஆட்சேபம். எர்வினும் ரோடினோவும் சும்மா இருந்தவர்களல்லர். சாட்சிகளை அழைத்தார்கள், காகிதங்களைக் கேட்டார்கள், கொடுக்க மறுத்தபோது விடாது வற்புறுத்தினார்கள். காரியத்தை நிறுத்தி வைப்பது வேறு. காரியம் முற்றும்வரை வாக்கெடுப்பை நிறுத்தி வைப்பது வேறு. பதறாத காரியம் சிதறாது என்று நம் முன்னோர் சொன்னது சோம்பேறிகளுக்கன்று.

இந்த முறையில் முழு நீதி கிடைத்துவிடும் என்றும் நாம் சொல்லவில்லை. 1974 செப்டம்பர் 8ந் தேதி போர்டு நிக்ஸனுக்கு மன்னிப்பு வழங்கினார். கோர்ட்டில் விசாரணை நடக்கவே இல்லை. அது அநேகருக்குக் கசந்தது. ஆயினும் ஜனாதிபதியும் சட்டத்திற்குக் கீழ்ப்பட்டவரே என்பதை இரு கட்சியினரும் சேர்ந்து நாட்டுக்கு நிரூபித்துவிட்டார்கள். அதை ஒரு கட்சி மட்டும் செய்திருந்தால் அரை நாடு அதை ஒப்புக்கொண்டிராது.

எனவே, ராஜீநாமாக் கோஷத்துடன் ஊர்வலம் கிளம்பும் நண்பர்களுக்கு நாம் சொல்வது இது: கோஷம் போடுங்கள், அது உங்கள் உரிமை. ஆனால் அதற்கு முன் சாட்சியத்தைத் திரட்டுங்கள். உங்கள் கைகள் சுத்தமா என்று பாருங்கள். காலியாகும் நாற்காலியில் கண் வைக்காதீர்கள். எதிர்வரிசையில் இருக்கும் நேர்மையான மனிதருக்கு அவமானமின்றி உங்களுடன் சேர்ந்து வாக்களிக்க ஒரு வழி விடுங்கள். இன்று கேள்வி கேட்பவர்கள் நாளை பதவியில் அமர்வார்கள். அவர்களுடைய தலைவர் மீதும் ஒரு நாள் குற்றம் எழலாம். அன்று தங்களை எந்த முறையில் விசாரிக்க வேண்டுமென்று விரும்புவார்களோ, அந்த முறையையே இன்று அவர்கள் கையாளட்டும்.