மடத்துக் கொலையும் மச்ச நாட்டுக் கொலையும்

துப்பறியும் கதை என்றால் துள்ளி எழாத மாணவர் உண்டோ? பாடநூலுக்குள் மர்ம நவீனத்தை ஒளித்து வைத்துப் படித்த காலம் ஒன்று இருந்தது. இன்று அந்த மர்மங்கள் கணினித் திரையிலும் கைத்தொலைபேசியிலும் குடிபுகுந்துவிட்டன. ‘காட்சி நவீனம்’ என்று ஒருவகைக் கதை இளைஞரிடையே இப்போது பெரிதும் வழங்குகிறது. திரையில் ஓர் அறை தோன்றும். அதில் இருவர் நிற்பர். அவர்கள் பேசுவது கீழே எழுத்தாக வரும். பின்னணியில் இசை ஒலிக்கும். விசையைத் தட்டத் தட்டக் கதை நகரும். சிலவற்றில் கதை செல்லும் வழியை வாசகரே தேர்ந்துகொள்ளலாம். ஜப்பானில் 1983இல் வெளிவந்த ‘போர்ட்டோபியா தொடர் கொலை வழக்கு’ என்ற விளையாட்டு இவ்வகைக்கு முன்னோடிகளுள் ஒன்றாக எண்ணப்படுகிறது. ஆகவே, பிறக்கும்போதே கொலை வழக்கைக் கையிற் பிடித்துக்கொண்டு பிறந்த கலை இது எனலாம்.

இவ்வகையில் 2022ஆம் ஆண்டில் ‘மிசெரிகோர்டு’ என்றொரு கதை வெளிவரத் தொடங்கியது. களம், 1482ஆம் ஆண்டின் இங்கிலாந்து. அங்கே ஒரு கன்னியர் மடம். அம்மடத்துக் கன்னியாஸ்திரி ஒருத்தி கொலையுண்டு கிடக்கிறாள். மடத்தில் உள்ளோர் எல்லார்மீதும் ஐயம் படர்கிறது. ஐயத்துக்கு இடமளிக்காதவள் ஒருத்தியே. அவள் பல்லாண்டுகளாக ஒரு சிற்றறையில் அடைபட்டுத் தவவாழ்வு வாழ்ந்துவந்த ஹெட்விக் என்பவள். அடைபட்டுக் கிடந்தவள் கொன்றிருக்க இயலாது. ஆதலின் அவளே விசாரிக்கட்டும் என்று மடத்துத் தலைவி அவளை வெளியே கொணர்கிறாள். தலைப்புச் சொல்லுக்கு ‘இரக்கம்’ என்பது பொருள். குற்றுயிராய்க் கிடக்கும் போர்வீரனின் வேதனையை முடித்துவைக்கும் ஒடுங்கிய குத்துவாளுக்கும் அதுவே பெயர். இரக்கத்துக்கும் வாளுக்கும் ஒரே சொல்! கதையின் போக்கை இதனாலேயே ஊகித்துக்கொள்ளலாம்.

அறைக்குள் அடைபட்ட தவப்பெண் என்பது கதாசிரியரின் கற்பனை அன்று. இடைக்கால ஐரோப்பாவில் அத்தகையோர் மெய்யாகவே வாழ்ந்தனர். கோயிற் சுவரை ஒட்டிய சிற்றறையில் அவர்கள் புகும்போது, இறந்தோருக்கு உரிய மன்றாட்டுகளை ஓதி அனுப்புவதும் உண்டு. உலகத்துக்கு அவர்கள் இறந்தவர் என்பது கருத்து. வழிபாட்டைக் காண ஒரு சாளரம், உணவு பெற ஒன்று, நாடி வருவோரிடம் பேச ஒன்று. இவையே வெளியுலகத் தொடர்பு. நாரிச் நகரத்து ஜூலியன் அம்மையார் 1373இல் தாம் கண்ட திருக்காட்சிகளை இவ்வகை வாழ்விலிருந்தே விரித்து எழுதினார். ஆங்கிலத்தில் ஒரு பெண் எழுதியதாக நமக்குத் தெரிந்த முதல் நூல் அதுவே. இத்தவப்பெண்களுக்கென 13ஆம் நூற்றாண்டில் எழுந்த ஒழுக்கநூல் ஒன்று, வேறு விலங்கு எதனையும் வளர்க்கலாகாது, பூனை ஒன்று மட்டும் இருக்கலாம் என்கிறது. கன்னியர் மடங்களைவிட்டு வெளியே உலவலாகாது என்று பாப்பரசர் எட்டாம் பொனிபேஸ் 1298இல் ஆணையிட்டார்.

கொலைக் கதைக்கு இதனினும் ஏற்ற களம் வேறு ஏது? உயர்ந்த மதில், பூட்டிய கதவு, நாள்தோறும் மணிக்கு மணி வகுத்த வழிபாடு. எந்த வேளையில் எவர் எங்கே இருக்கவேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். இருக்கவேண்டிய இடத்தில் ஒருவர் இல்லையெனில் அதுவே தடயம். இத்தாலிய ஆசிரியர் உம்பர்ட்டோ எக்கோ 1980இல் எழுதிய ‘ரோஜாவின் பெயர்’ என்ற புகழ்பெற்ற நவீனமும், 1327ஆம் ஆண்டில் ஒரு துறவியர் மடத்தில் நிகழ்ந்த கொலைகளைப் பற்றியதே.

இவையெல்லாம் சீமைக் கதைகள். ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் களப்புமாகக் கிடக்கும் நம் உடப்புக்கு இத்தகைய கதை புதிதா? அன்று, அன்று. ஆடி மாதத்தில் 18 நாள் விழாக் கண்டு, தீமிதிப்போடு நிறைவெய்தும் திரௌபதையம்மன் ஆலயம் நம் ஊரின் நடுநாயகம். பாரதக் கதை இங்கே ஏட்டில் உறங்கும் கதை அன்று. தீயில் இறங்குவோர் நெஞ்சில் வாழும் கதை. அக்கதையின் விராட பருவத்திலேதான் நம் மர்மக் கொலை இருக்கிறது.

விராட மன்னனுடைய மச்ச நாட்டில் பாண்டவர் மறைந்து வாழும் ஆண்டு அது. வீமன் மடைப்பள்ளியில் சமையற்காரன். திரௌபதி அரசி சுதேட்டிணையிடம் சைரந்திரி என்ற பணிப்பெண். அரசியின் தம்பி கீசகன் நாட்டின் படைத்தலைவன். பெயருக்குத்தான் விராடன் அரசன், ஆள்பவன் தானே எனச் செருக்குற்றிருந்தவன். அவன் சைரந்திரியை விரும்பித் தொல்லை செய்தான். ஒருநாள் அவன் பிடியிலிருந்து தப்பி அரசவைக்கு ஓடினாள் அவள். அவன் துரத்திவந்து, கூந்தலைப் பற்றி, மன்னன் கண்ணெதிரே காலால் உதைத்தான். அவள் நீதி கேட்டாள். மன்னன் கூறிய மறுமொழி யாது? உங்களுக்குள் மறைவில் நிகழ்ந்த பிணக்கு எனக்குத் தெரியாது; உண்மை அறியாமல் நான் எவ்வாறு தீர்ப்புச் சொல்வது என்றான்.

பின்னர் நடந்ததை நாம் அறிவோம். ஆடல் அரங்குக்கு இரவில் எவரும் அறியாமல் தனியே வருமாறு சைரந்திரி கீசகனுக்குச் சொன்னாள். பகலில் பெண்கள் நடனம் பயின்று, இரவில் வெறிச்சோடிக் கிடக்கும் மண்டபம் அது. இருளில் அங்கே காத்திருந்தவன் வீமன். பொழுது விடியுமுன் கீசகன் உருத்தெரியாத சதைப் பிண்டமாகக் கிடந்தான். கந்தருவர்களாகிய தன் கணவர் கொன்றனர் என்று சைரந்திரி காவலருக்கு அறிவித்தாள். தீப்பந்தங்களோடு திரண்டுவந்தோர் தலை எது, கை எது, கால் எது என்று திகைத்து, இது மானிடர் செயலன்று என முடிவு கட்டினர்.

வாசக அன்பர்களே, இந்த ஒரு வழக்கில் எத்தனை விசாரணைகள் நிகழ்ந்தன என்று எண்ணிப் பாருங்கள்.

முதலாவது, நடக்காமற்போன விசாரணை. உயிரோடிருந்த பெண் முறையிட்டபோது ‘உண்மை தெரியாது’ என்பதையே காரணமாக்கி மன்னன் ஒதுங்கிக்கொண்டான். உண்மை தெரியாதபோது செய்யவேண்டியது விசாரணையே அன்றோ? உதைத்ததைத் தானே கண்டவனுக்கு வேறு சாட்சி எதற்கு? குற்றம் சாட்டப்பட்டவன் மைத்துனன். படை அவன் கையில். அறியாமையை விடுத்து அச்சம் என்று சொல்வதே அவன் மறுமொழிக்குப் பொருந்தும்.

இரண்டாவது, அவசரத் தீர்ப்பு. கீசகனின் உடன்பிறந்தார் 105 பேர். இவள்பொருட்டு அன்றோ இவன் மாண்டான், இவளையும் அவன் சிதையிலேயே இட்டுக் கொளுத்துவோம் என்று சைரந்திரியைக் கட்டித் தூக்கிச் சென்றனர். மன்னனும் அதற்கு இசைந்தான். நேற்று உண்மை தெரியாமையால் தீர்ப்புரைக்க மறுத்தவன், இன்று உண்மை தெரியாமலே ஒரு பெண்ணை உயிரோடு கொளுத்த ஒப்புகிறான்! மீண்டும் வீமன் வந்திராவிடின் அவள் சாம்பலாகியிருப்பாள். பிழைத்துத் திரும்பியவளையும் மன்னன் ஊரைவிட்டுப் போகச் சொன்னான். இன்னும் 13 நாள் பொறுத்துக்கொள்ளுமாறு அவள் வேண்டினாள்.

மூன்றாவது விசாரணை அத்தினாபுரத்தில் நடந்தது. தென்னாட்டில் வழங்கும் கதை மரபில், கீசகன் மாண்ட செய்தி கேட்ட துரியோதனன் பூதம் என்றோ கந்தருவர் என்றோ மருளவில்லை. கீசகனை வெறுங்கையால் கொல்லவல்லார் உலகில் மிகச் சிலரே. அவருள் வீமன் ஒருவன். கொலைக்குக் காரணம் ஒரு பெண் என்கின்றனர். ஆகவே அப்பெண் திரௌபதி, பாண்டவர் விராட நகரில் உள்ளனர் என்று அவன் கணித்தான். தற்காலத் துப்பறிவாளர் எவருக்கும் குறையாத கூர்மை! ஆனால் அக்கூர்மையைக் கொண்டு அவன் செய்தது என்ன? விராடனுடைய பசுக்களைக் கவரப் படை திரட்டினான். உண்மையைக் கண்டுபிடித்தவன் அவன் ஒருவனே. நீதியைக் கனவிலும் கருதாதவனும் அவனே.

மாணவர்கள் இதனை ஊன்றிக் கவனித்தல் நன்று. துப்பறியும் கதைகளைப் படிப்போர் பெரும்பாலும் ‘கொன்றவர் யார்?’ என்ற ஒரு வினாவோடு நின்றுவிடுகின்றனர். அவ்வினாவுக்குச் சரியான விடை கண்டவன் துரியோதனன். ஆயினும் அவனை நீதிமான் என்று எவரும் புகழ்வதில்லை. கொன்றவர் யார் என்பதற்கு முன்னே, முறையிட்டவர் யார், அம்முறையீட்டைக் கேளாமல் விட்டவர் யார் என்ற வினாக்கள் உள. அவற்றை விராட நகரில் ஒருவரும் எழுப்பவில்லை. மன்றம் கதவடைத்த வழக்குத்தான் இருட்டு மண்டபத்துக்குப் போயிற்று. அன்றைக்கே கீசகனை நிறுத்திக் கேட்டிருந்தால், ஓர் உயிர்க்கொலையும், அதனைத் தொடர்ந்த நூற்றுக்கு மேற்பட்ட கொலைகளும் நிகழ்ந்திரா.

மனிதகுலம் இப்பாடத்தை மெல்ல மெல்லவே கற்றது. இங்கிலாந்தில் 1194ஆம் ஆண்டு ஒவ்வொரு கோட்டத்திலும் மூன்று வீரரும் ஓர் எழுத்தரும் தெரிவு செய்யப்பட்டு, மன்னனுக்குரிய வழக்குகளைப் பதிந்து காக்கவேண்டும் என விதிக்கப்பட்டது. மன்னனின் வருவாயைக் காப்பதும் அதன் நோக்கங்களுள் ஒன்றுதான். எனினும் அதிலிருந்தே மரண விசாரணை என்ற முறை வளர்ந்தது. ஐயத்துக்குரிய சாவு நேர்ந்தால் அதிகாரி வந்து உடலைப் பார்வையிடும்வரை புதைத்தல் கூடாது, காயங்களைக் கணக்கெடுக்கவேண்டும், அயலவரை விசாரிக்கவேண்டும். ஆங்கிலேயர் ஆட்சியோடு இம்முறை நம் நாட்டுக்கும் வந்தது. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கை முறைச் சட்டக்கோவையின்படி இன்றும் திடீர் மரண விசாரணை அதிகாரிகள் பணியாற்றுகின்றனர். ஒரு வீட்டில் எதிர்பாராத சாவு நேர்ந்து, துயரில் மூழ்கியிருக்கும் வேளையில், ‘இந்த விசாரணை எதற்கு?’ என்று சிலர் சலித்துக்கொள்வதுண்டு. ‘இவள்தான் காரணம்’ என்று கூட்டம் ஒருத்தியைச் சுட்டும்போது, தீப்பந்தத்துக்கும் அவளுக்கும் இடையே நிற்பது அந்த விசாரணையே என்பதை அவர்கள் எண்ணுதல் வேண்டும்.

மடம், அரண்மனை, கடலோரச் சிற்றூர் ஆகிய மூன்றுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. எல்லாரும் எல்லாரையும் அறிந்த இடங்கள் இவை. அறிமுகம் மிகுந்த இடத்தில் அன்பு வளர்வதுபோலவே ஐயமும் விரைந்து வளரும். அந்த ஐயம் வலியவன்மீது விழுவது அரிது. வெளியிலிருந்து வந்தவள்மீதும், பேச ஆளில்லாதவள்மீதும் விழுவதே வழக்கம். ஆதலினாற்றான் மடத்துக் கதையில், எவருக்கும் வேண்டியவளும் வேண்டாதவளும் அல்லாத ஒருத்தி விசாரிக்க அமைந்தாள். விராடனோ மைத்துனனுக்கு வேண்டியவன்.

நம் கடற்கரையில் கரைவலை இழுப்போரைப் பாருங்கள். அம்பாப் பாட்டின் தாளத்துக்கு இரு கயிற்றையும் இரு கூட்டத்தார் ஒத்து இழுப்பர். ஒரு கயிறு மட்டும் விரைந்து கரை ஏறினால் மடியில் மீன் நில்லாது. விசாரணையும் அத்தகையதே. முறையிடுவோர் சொல் ஒரு கயிறு. குற்றஞ் சாட்டப்பட்டோர் சொல் மற்றொரு கயிறு. இரண்டும் ஒத்து வந்தால்தான் உண்மை கரைசேரும்.

இன்னொரு செய்தியும் சுவையானது. 1910களின் பிற்பகுதியில் சென்னையில் ஆர். நடராஜ முதலியார் தயாரித்த ஊமைப்படமே தென்னிந்தியாவின் முதற் கதைப்படம் எனப்படுகிறது. அதன் பெயர் ‘கீசக வதம்’. புதிய கலை ஒன்று தோன்றியதும் அது முதலில் நாடியது இந்த இருட்டு மண்டபத்துக் கதையையே. நாளை நம் இளைஞர் ஒருவர் தமிழிலே ஒரு காட்சி நவீனம் படைக்க எண்ணினால், களம் தேடிச் சீமை மடங்களுக்குச் செல்ல வேண்டுவதில்லை. ஆடல் அரங்கும், அணைந்த விளக்கும், மறைந்து வாழும் ஐவரும், 13 நாள் தவணை கேட்கும் பெண்ணும் நம் வீட்டுத் திண்ணையிலேயே காத்திருக்கின்றனர்.

ஆனால் அவர் அக்கதையை ஆடல் அரங்கிலிருந்து தொடங்கலாகாது. அரசவையில், நீதி கேட்டு நின்ற பெண்ணிடமிருந்து தொடங்கவேண்டும்.