மெலிந்த கணினியும் அளவறிந்த உரிமையும்

கலாசாலைகளிலும் நூல்நிலையங்களிலும் இக்காலத்து வழங்கிவரும் கணினி வகைகளுள் 'தின் கிளையன்ட்' எனப்படும் மெலிந்த கணினியும் ஒன்று. சிறு புத்தகம் ஒன்றின் அளவினதாய்த் திரையின் அருகே கிடக்கும் இப்பெட்டி, நமது எழுத்தையும் கணக்கையும் தன்னுள்ளே சேமித்து வைப்பதன்று. விசைப்பலகையில் நாம் அழுத்துவதைச் 'சர்வர்' என்னும் தலைமைக் கணினிக்கு அறிவித்து, அது செய்து முடித்ததைத் திரையிற் காட்டுவதே இதன் தொழில். வட்டில்லாத பழைய கணினிகளையும் இவ்வாறு பயன்படுத்துமாறு 1999-ஆம் ஆண்டில் தோன்றிய லினக்ஸ் டெர்மினல் சர்வர் திட்டம், பொருள் வசதி குறைந்த பள்ளிகளுக்கு உதவியாயிற்று.

இதனால் விளையும் சிக்கனத்தைப் பலரும் எடுத்துப் பேசுகின்றனர். ஆயினும், இவ்வமைப்பில் எவர்க்கு எவ்வளவு உரிமை அளித்தல் வேண்டும் என்பதை ஆராய்வோர் மிகச் சிலரே. முப்பது திரைகளின்முன் முப்பது மாணவர் அமர்ந்திருப்பினும், அவர் அனைவரும் உண்மையில் ஒரே கணினியினுள்ளேயே வேலை செய்கின்றனர். தனிக்கணினியில் ஒருவர் செய்யும் பிழை பெரும்பாலும் அவர் ஒருவரையே வருத்தும். இங்கோ, ஒருவர் தொடங்கிய புரோகிராம் அளவின்றிப் பெருகுமாயின் முப்பது திரைகளும் ஒருங்கே அசைவற்று நிற்கக்கூடும். ஒருவர் தலைமைக் கணினியின் வட்டினை நிரப்பிவிடின், ஏனையோர் எழுதியதைச் சேமிக்க இடமிராது. அவர்க்கு நிர்வாகியின் உரிமையும் இருக்குமாயின், ஒரே கட்டளையால் அனைவருடைய உழைப்பும் அழிந்துபோகும். பொதுக் களஞ்சியத்தின் சாவியை எவரிடம் ஒப்புவிப்பது என்னும் கேள்வி வீட்டார் அனைவர்க்கும் உரியதாதல்போல, இக்கேள்வியும் நம் அனைவர்க்கும் உரியதே.

இஃது இன்று நேற்று எழுந்த கேள்வியன்று. ஒரே கணினியைப் பலர் ஒருங்கே பயன்படுத்தும் சி.டி.எஸ்.எஸ். என்னும் முறையை அமெரிக்காவிலுள்ள மாசச்சூஸட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் 1961-ஆம் ஆண்டில் செய்துகாட்டினர். அடுத்த ஆண்டிலேயே ஆலன் ஷெர் என்னும் ஆராய்ச்சி மாணவர், தமக்கு அளித்த நேரம் போதாமையால், எல்லார் கடவுச்சொற்களும் அடங்கிய கோப்பினை அச்சிட்டெடுத்துப் பிறர் நேரத்தையும் பயன்படுத்தினார். அதே பத்தாண்டில், நிர்வாகிகள் இருவர் ஒரே சமயத்தில் இரு கோப்புகளைத் திருத்தப் புகுந்தமையால், அன்றாட அறிவிப்புத் தோன்றவேண்டிய இடத்தில் கடவுச்சொற் பட்டியலே உள்ளே நுழைந்தார் அனைவர்க்கும் காட்சியளித்தது. முன்னது மாணவரால் நேர்ந்தது. பின்னது நிர்வாகிகளால் நேர்ந்தது. இவ்விரண்டனையும் ஒருங்கு வைத்து நோக்குவார்க்கு, கட்டுப்பாடு மாணவர்க்கு மட்டுமே வேண்டுவது என்னும் எண்ணம் நில்லாது.

1975-ஆம் ஆண்டில் சால்ட்ஸர், ஷ்ரோடர் என்னும் அறிஞர் இருவர் வெளியிட்ட கட்டுரையில் இதற்குரிய விதி தெளிவாக வகுக்கப்பட்டது. ஒவ்வொரு புரோகிராமும் ஒவ்வொரு பயனரும் தத்தம் வேலைக்கு இன்றியமையாத உரிமைகளை மட்டுமே பெற்றிருத்தல் வேண்டும் என்பதே அது. அதனை நடைமுறையிற் கொணர்தற்கு வேண்டிய கருவிகள் இன்று எளிதிற் கிடைக்கின்றன. யூனிக்ஸ் வழிவந்த முறைகளில் ஒவ்வொரு கோப்பிற்கும் உடையவர், குழுவினர், ஏனையோர் என்னும் மூவகையார்க்கும் படித்தல், எழுதுதல், இயக்குதல் என்னும் மூன்று உரிமைகள் தனித்தனியே வகுக்கப்படுகின்றன. வட்டில் ஒருவர்க்கு இத்துணை இடம் என்றும், ஒருவர் இத்தனை புரோகிராம்களையே ஒருங்கே இயக்கலாம் என்றும் வரம்பு கட்டலாம். விண்டோஸ் சர்வரில், தொலைவிலிருந்து நுழைவதற்கு உரிமை பெற்ற குழு வேறு; நிர்வாகிகளின் குழு வேறு.

நிற்க. நடைமுறையில் நாம் காண்பது இருவகைத் தவறு. தொந்தரவு ஒழிந்தாற்போதும் என்று எல்லார்க்கும் ஒரே பெயரையும் ஒரே கடவுச்சொல்லையும் நிர்வாகி உரிமையோடு வழங்கிவிடுதல் ஒன்று. இதில் தவறு செய்தவர் எவர் என்று அறிய வழியில்லை, குற்றமற்றவரும் ஐயத்திற்குள்ளாவர். அச்சத்தால் எல்லாவற்றையும் அடைத்து, மாணவர் தம் கட்டுரையை அச்சிடுதற்கும் ஒவ்வொரு முறையும் நிர்வாகியைத் தேடி அலையச்செய்தல் மற்றொன்று. அலைந்து சலித்தவர் இறுதியில் நண்பரின் கடவுச்சொல்லைக் கேட்டு வாங்குவர். ஷெர் செய்த செயலும் போதாமையினின்று பிறந்ததேயன்றோ?

உரிமை குறைந்தால் கற்றலும் குறையும், பிரித்துப் பார்த்தே பொறியின் இயல்பை அறிதல் கூடும் என்பார் உளர். அவர் கூற்றில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும், பிறர் உழைப்புத் தங்கியுள்ள பொதுக்கணினி அதற்குத் தக்க இடமன்று. பழைய தனிக்கணினி ஒன்றையோ, தலைமைக் கணினியிற் பிரித்தமைத்த மெய்நிகர்க் கணினியையோ அவர்க்கு ஒதுக்கி, அதில் முழு உரிமையும் அளித்தல் தகும்.

நிர்வாகிக்கும் இவ்விதி பொருந்தும். வேலியே பயிரை மேயாதிருக்க வேண்டின், அவர் அன்றாட வேலையை எளிய பயனராகவே செய்து, வேண்டியபோது மட்டும் 'சுடோ' போன்ற வழியால் மேலுரிமை பெறுதல் நன்று. இன்னார் இன்ன நேரத்தில் இன்ன கட்டளையிட்டார் என்பது அதனாற் பதிவாகும்.

ஆகவே, கலாசாலைத் தலைவர்களுக்கு நமது வேண்டுகோள் இது: ஒவ்வொருவர்க்கும் தனிப்பெயரும் தனிக்கடவுச்சொல்லும் வழங்குக. எவர்க்கு எவ்வுரிமை என்பதை எழுதி யாவரும் காண ஒட்டுக. மிகுதி வேண்டுவோர் கேட்கவும், மறுக்கப்படின் காரணம் அறியவும் வழி செய்க. படிப்பு முடித்து வெளியேறினார் உரிமையைக் காலந்தாழ்த்தாது நீக்குக. இவ்வாறு அளந்து கொடுப்பதை மாணவர் அவமதிப்பாகக் கருதவேண்டுவதில்லை. அடுத்த நாற்காலியில் அமர்ந்திருக்கும் தோழரின் ஓராண்டு உழைப்பும் அதே வட்டில்தான் இருக்கின்றது.