எலிக்கு இல்லாத கொழுப்பு

சின்ன காஞ்சிபுரத்தில் நாற்பது வயதுக்காரர் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தால் தெருவே ஒரே தீர்ப்புதான் சொல்லும்: "நெய்யும் எண்ணெயுமா தின்னா வேற என்ன ஆகும்?" பாவம், வரதராஜப் பெருமாள் கோயில் குடலை இட்லி மேல்தான் முதல் பழி விழும்! ஒல்லி உடம்பு, அளவான சாப்பாடு, நாள் முழுக்கத் தறி மிதிக்கும் வேலை... இப்படிப்பட்டவருக்கும் ஏன் வருகிறது என்று யாரும் கேட்பதில்லை.

சுண்டெலியைப் பாருங்கள். கொழுப்பை அள்ளிக் கொடுத்தாலும் அதற்கு ரத்தக்குழாய் லேசில் அடைக்காது. அதன் கொலஸ்ட்ராலில் பெரும்பகுதி எச்.டி.எல். என்ற நல்ல வகை. 1992ல் அபோ-ஈ என்கிற ஒரே ஒரு ஜீனை நீக்கினார்கள். வழக்கமான தீனியிலேயே குழாயில் கொழுப்பு படிந்தது. தீனி மாறவில்லை, ஜீன்தான் மாறியது!

மனிதனுக்கும் இது உண்டு. எல்.டி.எல்.லை ரத்தத்திலிருந்து செல்லுக்குள் இழுக்கும் ஏற்பியைக் கண்டுபிடித்த பிரவுன், கோல்ட்ஸ்டீன் இருவருக்கும் 1985ல் நோபல் பரிசு. அந்த ஏற்பியின் ஜீன் பழுதாக அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு.

நம்மவர்களின் சிக்கல் இன்னொன்று. தமிழ்நாடு உட்பட நான்கு இடங்களில் ஐ.சி.எம்.ஆர். நடத்தி 2014ல் வெளியான ஆய்வில், மொத்த கொலஸ்ட்ரால் கூடியிருந்தவர்கள் 13.9 சதவீதம்தான். நல்ல கொலஸ்ட்ரால் குறைந்திருந்தவர்களோ 72.3 சதவீதம்! மொத்தத்தை மட்டும் பார்ப்பது, விற்பனையை மட்டும் பார்த்து லாபம் சொல்வது மாதிரி.

லிப்போபுரோட்டீன் லிட்டில்-ஏ என்று ஒன்றும் இருக்கிறது. அதன் அளவைப் பெரும்பாலும் ஜீனே முடிவு செய்கிறது, பத்தியத்துக்கு மசியாது. எலிக்கு அந்த ஜீனே கிடையாது! வழக்கமான லிப்பிட் பரிசோதனையிலும் அது வராது. வாழ்நாளில் ஒருமுறையாவது பார்க்க வேண்டும் என்று இந்திய இதயவியல் சங்கம் 2024ல் சொல்லியிருக்கிறது.

இதற்காக நெய்யை ஊற்றிக்கொள்ளலாம் என்று அர்த்தமில்லை. ஜீனை மாற்ற முடியாதுதான். ஆனால் முன்பே தெரிந்தால் எல்.டி.எல்.லை மாத்திரையால் இறக்கலாம், பீடியை விடலாம். 2021லிருந்து மக்களைத் தேடி மருத்துவம் வீடு வீடாக வருகிறது. "இந்த வீட்டில் இளவயதில் யாருக்காவது மாரடைப்பு வந்ததா?" என்று கேட்க என்ன செலவு? ஆம் என்றால் அண்ணன், தம்பி, பிள்ளைகள் எல்லோருக்கும் ரத்தம் எடுக்க வேண்டும். இப்போதைக்கு நெய் ஜாடிதான் பரணுக்குப் போகிறது.