விசா வாயிலில் மாணவன்

நம் கல்லூரியிற் பட்டம் பெற்று வெளியேறும் மாணவருட் பலர் மேற்படிப்பின் பொருட்டு ஐக்கிய அமெரிக்காவை நாடுதல் இக்காலத்து வழக்காயிற்று. பல்கலைக்கழகம் இடமளித்துவிட்டது, பாங்கியிற் கடனும் கிடைத்துவிட்டது, அக்கடனுக்கு ஈடாகத் தந்தையின் வீடோ நிலமோ எழுதிவைக்கப்பட்டும் ஆயிற்று. இத்தனையும் முடிந்த பின்னரும் எஞ்சி நிற்பது ஒன்றுண்டு. சென்னையில் ஜெமினி மேம்பாலத்தின் அருகேயுள்ள அந்நாட்டுக் கான்ஸல் நிலையத்தில், கண்ணாடித் தடுப்புக்கு அப்பாலிருக்கும் அதிகாரியொருவர்முன் சில நிமிஷ நேரம் நின்று விடை பகர்தலே அது. அச்சில நிமிஷங்களைப் பற்றியே ஈண்டுச் சில கூற விழைகின்றோம்.

முதற்கண் சட்டம் யாது கூறுகின்றதென்று காண்போம். 1952ஆம் ஆண்டில் அந்நாட்டார் இயற்றிய குடிநுழைவுச் சட்டத்தின் 214ஆம் பிரிவில் 'பி' என்னும் உட்பிரிவு ஒன்றுளது. தொழில் நிபுணர்க்குரிய எச்-1பி போன்ற சில வகையினர் நீங்கலாக, விசா வேண்டி வரும் ஒவ்வொருவரையும் அந்நாட்டிலேயே நிலையாகக் குடியேறக் கருதியவராகவே கொள்ளல் வேண்டும் என்பது அதன் கருத்து. அங்ஙனமன்று என்பதை அதிகாரியின் மனம் ஒப்புமாறு மெய்ப்பிக்கும் பொறுப்பு விண்ணப்பித்தவரையே சார்ந்ததாகும். நீதிமன்றத்திற் கொலைக் குற்றஞ் சாட்டப்பட்டு நிற்பவனையும், குற்றம் மெய்ப்பிக்கப்படுங்காறும் குற்றமற்றவனென்றே சட்டம் கருதுகின்றது. கல்வி கற்கச் செல்லும் மாணவன் திறத்தில் இம்முறை தலைகீழாக நிற்கின்றது.

தம் வீட்டு வாயிலைக் காக்கும் உரிமை எந்நாட்டார்க்கும் உண்டு. அதனை நாம் மறுக்கவில்லை. நம் நாட்டிலும் 1920ஆம் ஆண்டின் சட்டம் முதலாக, பாஸ்போர்ட்டின்றி உட்புகுவாரைத் தடுக்கும் விதிகள் இருந்தே வந்திருக்கின்றன. நாம் ஐயுறுவது வேறொன்று. மாணவனுக்குரிய எப்-1 விசாவைப் பெறுவோன், தன் சொந்த நாட்டிலுள்ள இருப்பிடத்தைக் கைவிடும் எண்ணம் சிறிதும் இல்லாதவனாதல் வேண்டும். ஆனால் படிப்பு முடிந்தபின் பன்னிரண்டு மாதம் அந்நாட்டிலேயே தொழிற்பயிற்சி பெறவும், விஞ்ஞானம், பொறியியல், கணிதம் முதலியவற்றைக் கற்றோர் மேலும் இருபத்துநான்கு மாதம் தங்கவும் 2016ஆம் ஆண்டின் விதிகள் இடம் தந்தன. ஒரு கையாற் கதவைச் சாத்தி மறு கையாற் பலகணியைத் திறந்துவைத்தாற் போன்றது இது. இருபத்திரண்டு வயதுடைய இளைஞன் ஒருவன், தன் முப்பதாம் வயதில் எவ்வூரில் வாழ்வான் என்பதை எங்ஙனம் அறிவான்? அவன் தந்தைக்கும் அது தெரியாது. கேட்கும் அதிகாரிக்கும் தம்மைப் பற்றி அது தெரியாது.

இவ்விடத்தேதான் தரகர் நுழைகின்றனர். 'திரும்பி வந்து தந்தையின் தொழிலை நடத்துவேன்' என்று சொல்லும்படி கற்பிக்கின்றனர். தந்தைக்குத் தொழிலொன்றும் இராது. குறித்த நாளில் பாங்கிக் கணக்கிற் பெருந்தொகை காணப்படுமாறு சில வாரத்திற்கு வட்டிக்குப் பணம் தருவாரும் உளர். ஒரே பாடத்தை ஒப்புவிக்கும் பத்து மாணவரை ஒரே காலையிற் காணும் அதிகாரி, பதினோராமவன் உண்மையே கூறினும் நம்புவதரிது. இஃதன்றியும், பொய்ப் பத்திரமோ பொய்யுரையோ வெளிப்படின், அதே சட்டத்தின் 212ஆம் பிரிவின்படி, தனி விலக்குப் பெற்றாலன்றி, ஆயுள் முழுதும் அந்நாட்டின் வாயில் அடைபட்டுவிடும். வெறும் மறுப்போ அத்தகையதன்று. மீண்டும் கட்டணம் செலுத்தி மீண்டும் விண்ணப்பிக்கலாம். இவ்விரண்டிற்கும் உள்ள வேற்றுமையைத் தரகர் எவரும் மாணவர்க்கு எடுத்துரைப்பதில்லை. கட்டணம் அவர் கைக்கு முன்னமே வந்துவிடுகின்றதன்றோ!

கிறிஸ்தவ மிஷன் கல்லூரியினராகிய நாம் நினைவிற்கொள்ளத்தக்க பழஞ்செய்தி ஒன்றும் உண்டு. 1793ஆம் ஆண்டில் வில்லியம் கேரி வங்காளம் வந்தகாலை, கிழக்கிந்தியக் கம்பெனியார் மிஷனரிகளை விரும்பாமையால் டேனிஷ் நாட்டுக் கப்பலில் வரவேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டில் நீலச்சாயத் தொழிற்சாலை ஒன்றின் நிர்வாகியாக அமர்ந்தே அவர் நாட்டில் தங்கினார். 1812இல் அமெரிக்காவிலிருந்து கல்கத்தா வந்திறங்கிய அதோனிராம் ஜட்சனையும் அவர் மனைவியாரையும் கம்பெனியார் வெளியேறப் பணித்தனர். அவர்கள் மோரீஸ் தீவு சென்று, 1813இற் சென்னை வந்து, இங்கும் தங்கவொண்ணாது இரங்கூனுக்குக் கப்பலேறினர். ஜட்சனை முதலில் அனுப்பிய அமெரிக்கச் சங்கத்தாரே பின்னர் 1816இல் யாழ்ப்பாணத்திலும் 1834இல் மதுரையிலும் பணி தொடங்கினர்; வட்டுக்கோட்டைச் செமினரியும் மதுரை அமெரிக்கன் கல்லூரியும் அவ்வழித் தோன்றியவை. அன்று வாயிலிற் காத்தவர் அமெரிக்கர். இன்று காத்து நிற்போர் நம்மவர். முன்வாயிலை அடைத்தால் மக்கள் பக்கவாயிலைத் தேடுவர் என்பதைக் கேரியின் நீலச்சாயமே காட்டும். அவர் அத்தொழிலை மெய்யாகவே செய்தார் என்பதையும் மறத்தலாகாது.

மறுக்கும் முறைக்கு வருவோம். விண்ணப்பக் கட்டணம் 2023ஆம் ஆண்டு ஜூனில் 185 டாலராக உயர்த்தப்பட்டது. மறுக்கப்படினும் அது திரும்பாது. மறுக்கப்பட்டவன் கையிற் கொடுக்கப்படுவது, மேற்கூறிய உட்பிரிவைக் குறிப்பிடும் பொதுவான அச்சுத்தாள் ஒன்றே. தன் படிப்பில் ஐயமா, பணத்தில் ஐயமா, தன் சொல்லில் ஐயமா என்பதை அவன் அதனால் அறியமாட்டான். மேல்முறையீடும் இல்லை. கான்ஸல் அதிகாரியின் மறுப்பில் நீதிமன்றங்கள் பொதுவாகத் தலையிடா என்னும் கொள்கையை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2024இலும் உறுதிசெய்தது. போதாக்குறைக்கு, மாணவர் தம் சமூக ஊடகக் கணக்குகளை யாவரும் காணத் திறந்துவைத்தல் வேண்டுமென்று 2025 ஜூனில் அறிவித்தனர். மாணவன் தன்னை முற்றும் திறந்து காட்டுதல் வேண்டுமாம். அதிகாரியோ ஒரு வரி எழுதித் தரவும் கடமைப்பட்டவரல்லர்.

ஐரோப்பியரின் ஷெங்கன் நாடுகள் 2009ஆம் ஆண்டின் விசா விதித் தொகுப்பில் இதற்கு வேறு வழி கண்டன. மறுப்பிற்குரிய காரணத்தைப் பொதுப் படிவத்திற் குறியிட்டுத் தருதலும், மேல்முறையீட்டுக்கு உரிமையளித்தலும் அங்கு விதியாயின. இதனால் மறுப்புக் குறைந்துவிடுமென்று நாம் கூறவில்லை. எனினும் மறுக்கப்பட்டவன் அடுத்த முறை எதைத் திருத்துவதென்று அறிவான். தரகனிடம் ஓடும் தேவை பாதி குறையும். நிமிஷக் கணக்கிற் பலரைக் காணும் அதிகாரிக்குக் காரணம் எழுத நேரமேது என்பாருளர். அச்சிட்ட கட்டம் ஒன்றிற் குறியிட அரை நிமிஷம் போதாதோ?

அயலார் சட்டத்தை நாம் மாற்றவியலாது. நம் எல்லைக்குள் இயல்வது ஒன்று உண்டு. கடல் கடந்து சென்ற பழைய மாணவர் நமக்குப் பலர் உளர். தம்மிடம் வினவப்பட்டவை யாவை, தாம் உள்ளபடி கூறிய விடைகள் யாவை, மறுக்கப்பட்டிருப்பின் அடுத்த முறை எதை மாற்றினர் என்பவற்றை அவர்கள் ஓரிரு பக்கத்தில் எழுதியனுப்பலாம். பெயரைக் குறிக்க வேண்டுவதில்லை. அவற்றை நூல்நிலையத்தில் ஒரு கோப்பாகத் தொகுத்துவைத்தால் இறுதியாண்டு மாணவர் கட்டணமின்றிப் படித்துக்கொள்வர். கடிதங்கள் பழைய மாணவர் சங்கச் செயலாளர்க்கு வரட்டும்; அடுத்த கல்வியாண்டு தொடங்குமுன் வந்தால் நன்று.