இரத்ததானம்: ஒரு நாள் விழாவா, ஓராண்டுப் பணியா?



ஊர்தோறும் இயங்கும் சமூக சேவைச் சங்கங்களின் செய்திகள் அநேகமாக ஒரே அச்சில் வார்த்தவை போலவே இருப்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். பாடசாலை மண்டபத்தில் இரத்ததான முகாம் நடைபெற்றது. பிரதம அதிதியும் விசேட அதிதிகளும் சமுகமளித்தனர். தலைவர் வரவேற்புரை நிகழ்த்தினார். இத்தனை பேர் இரத்தம் வழங்கினர். செயலாளரின் நன்றியுரையுடன் நிகழ்ச்சி இனிது நிறைவுற்றது. இத்துடன் செய்தி முடிந்துவிடும். அடுத்த முகாம் எப்போது என்ற ஒரு வரி மட்டும் பெரும்பாலும் அதில் இராது.

இம்மாதம் அந்த விடுபட்ட வரியைப் பற்றியே பேச விரும்புகிறோம்.

பொதுச் சேவை ஒன்றின் பெறுமதி அது தொடங்கப்பட்ட நாளில் தெரிவதில்லை. அது எவ்வளவு காலம் நிலைத்து நின்றது என்பதிலேயே தெரியும். 1958ஆம் ஆண்டில் கொழும்பு நாலந்தா கல்லூரி ஆசிரியர் ஏ. டீ. ஆரியரத்ன தமது மாணவர்களை அழைத்துக்கொண்டு கனத்தொலுவ என்ற பின்தங்கிய கிராமத்தில் சிரமதானம் செய்யச் சென்றார். அன்றோடு அவர் வீடு திரும்பி ஓய்ந்திருந்தால் சர்வோதயம் என்றோர் இயக்கம் தோன்றியிராது. 1961இல் டாக்டர் ஹட்சன் சில்வா ஆரம்பித்த கண்தானச் சங்கம் இலங்கையர் தானம் செய்த கண்களைக் கடல் கடந்தும் அனுப்பிப் பல நாட்டவருக்குப் பார்வை தந்தது. ரொட்டரிக் கழகங்கள் போலியோவை ஒழிக்கும் பணியை 1985இல் உலகளாவிய ரீதியில் கையிலெடுத்தன. இலங்கையில் கடைசிப் போலியோ நோயாளி 1993இல் இனங்காணப்பட்டார். 2014இல் நமது பிராந்தியமே போலியோ அற்றது என உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. நோய் மறைந்த பின்னரும் நம் குழந்தைகளுக்குத் தடுப்பு மருந்து வழங்குவது நிறுத்தப்படவில்லை. நிறுத்தினால் நோய் திரும்பி வரலாம் என்பதே காரணம்.

இரத்ததானத்திலும் நம் நாடு பெருமைப்படத்தக்க ஓர் இடத்தை அடைந்திருக்கிறது. முன்னர் சத்திர சிகிச்சைக்கு ஆளாகும் ஒருவரின் உறவினர்கள், பெற்ற இரத்தத்துக்கு ஈடாக இரத்தம் கொடுக்க ஆள் தேடி அலையும் நிலை இருந்தது. 2014இல் முழு இரத்தத் தேவையும் பிரதிபலன் கருதாத தொண்டர்களாலேயே நிறைவு செய்யப்படும் நிலையை இலங்கை எட்டியது. அந்த இரத்தத்தின் பெரும்பகுதி இரத்த வங்கிக் கட்டிடங்களில் எடுக்கப்பட்டதன்று. பள்ளிவாசல், விகாரை, கோயில், பாடசாலை, தொழிற்சாலை என்று நடமாடும் முகாம்களில் சேர்ந்தது. அம்முகாம்களை ஒழுங்கு செய்பவர்கள் ஊர்ச் சங்கங்களைச் சேர்ந்த இளைஞர்களே. ஆகவே, அவர்கள் எந்தத் திகதியைத் தெரிவு செய்கிறார்கள் என்பது சிறிய விடயமன்று.

இரத்தத்தைச் சேமித்து வைக்கலாம். ஆனால் காலவரையின்றி வைக்க முடியாது. எடுக்கப்படும் இரத்தம் சிவப்பணு, குருதிச் சிறுதட்டு, திரவவிழையம் என வேறாக்கப்படுகிறது. திரவவிழையத்தை உறைய வைத்து ஏறத்தாழ ஓராண்டு காலம் பேணலாம். சிவப்பணுவைக் குளிரூட்டியில் வைத்தால் சேர்க்கப்படும் பாதுகாப்புத் திரவத்தைப் பொறுத்து 35 முதல் 42 நாட்கள் வரை தாங்கும். புற்றுநோய்ச் சிகிச்சை பெறுவோருக்கு அடிக்கடி தேவைப்படும் சிறுதட்டுக்களின் ஆயுளோ 5 நாட்கள் மாத்திரமே. அதிலும் எச்.ஐ.வி., ஹெப்படைட்டிஸ் பி, ஹெப்படைட்டிஸ் சி, சிபிலிஸ், மலேரியா ஆகியவற்றுக்கான பரிசோதனைகளில் ஒரு பகுதி நேரம் கழிந்துவிடும்.

இப்போது ஒரு சிறிய கணக்குப் போட்டுப் பார்ப்போம். இலங்கையில் ஒருமுறை இரத்தம் கொடுத்தவர் மீண்டும் கொடுப்பதற்கு நான்கு மாதங்கள் கழிய வேண்டும். ஏறக்குறைய 120 நாட்கள். ஒரு சங்கத்தின் அங்கத்தவர்கள் எல்லோரும் ஒரே நாளில் இரத்தம் கொடுத்துவிட்டால், அந்தச் சிவப்பணு கூடிய பட்சம் 42 நாட்களில் முடிந்துவிடும். எஞ்சிய 78 நாட்களுக்கு அச்சங்கத்திடமிருந்து ஒரு துளியும் கிடைக்காது. முகாமை ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் நடத்தினாலோ வருடத்தில் 323 நாட்கள் அச்சங்கத்தின் பங்கு வெறுமைதான். மண்டபம் நிரம்பி வழிந்த பெரிய முகாமுக்கும் இக்கணக்குப் பொருந்தும்.

இந்த வெறுமையான நாட்களில் யாருக்கு இரத்தம் தேவைப்படுகிறது? தலசீமியா நோயுள்ள குழந்தையை எடுத்துக்கொள்ளுங்கள். பிறக்கும்போது அது ஆரோக்கியமாகவே தோன்றும். சில மாதங்கள் சென்றபின் வெளிறத் தொடங்கும், பால் குடிக்காது, சோர்ந்து கிடக்கும். அதன் உடல் நல்ல ஹீமோகுளோபினைத் தானாக உற்பத்தி செய்ய முடியாததால், இரண்டு முதல் ஐந்து வாரங்களுக்கு ஒருமுறை பிறர் இரத்தம் ஏற்றப்பட வேண்டும். இந்த மாதம் ஏற்றியது அடுத்த மாதத்துக்குப் போதாது. குருநாகலில் தலசீமியாச் சிகிச்சைக்கென்றே ஒரு நிலையம் இயங்குகிறது. அத்தகைய இடங்களுக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மாதந்தோறும் பஸ் ஏறும் தாய்மாருக்கு விழாக்காலம், விடுமுறைக்காலம் என்ற வேறுபாடு கிடையாது. பிள்ளைப்பேற்றின்போது இரத்தப் பெருக்கு ஏற்படும் தாய்க்கும், வீதி விபத்தில் சிக்கியவருக்கும் அப்படியே.

ஆனால் இரத்தம் கொடுப்பவர்களுக்குக் காலம் உண்டு. வெசாக், பொசன் காலங்களில் நாடெங்கும் முகாம்கள் நடைபெறும். வேறு சில மாதங்களில் அவை குறைந்துவிடும். நம்மைப் பொறுத்தவரை ரமழான் மாதம் அத்தகையது. இரத்தம் கொடுப்பவர் முன்கூட்டியே உண்டு, போதிய நீர் அருந்தியிருக்க வேண்டும் என்பது வைத்தியர்களின் அறிவுறுத்தல். எனவே நோன்போடு பகலில் கொடுப்பது பொருத்தமன்று. அதற்காக முழு மாதத்தையும் விட்டுவிட வேண்டுமா? மலேசியாவிலும் வளைகுடா நாடுகள் சிலவற்றிலும் நோன்பு திறந்த பின் இரவில் முகாம்கள் நடத்தப்படுகின்றன. தராவீஹுக்காக ஊரே பள்ளிவாசலில் திரளும் மாதத்தில், ஓர் இரவை முன்கூட்டியே இரத்த வங்கியுடன் பேசி ஒழுங்கு செய்துகொள்ளலாம். இது முடியாத காரியமன்று.

அனர்த்த வேளைகளில் நம் மக்கள் பின்நிற்பதில்லை. 2019 ஏப்ரல் 21ஆம் திகதிக் குண்டுவெடிப்புகளின் பின்னர் இரத்தம் கொடுக்க மக்கள் திரண்டு வந்தனர். அது மனிதநேயத்தின் வெளிப்பாடுதான். எனினும், அன்று வரிசையில் நின்றவரின் இரத்தம் பரிசோதிக்கப்பட்டு வேறாக்கப்பட்டுப் பாவனைக்கு வர மணித்தியாலங்கள் பல செல்லும். காயப்பட்டவருக்கு முதல் நிமிடத்தில் ஏற்றப்படும் இரத்தம், அதற்கு முந்திய சாதாரண நாட்களில் எவரோ ஒருவர் கொடுத்துச் சென்றது. 2020இல் ஊரடங்கு அமுலிலிருந்தபோது முகாம்கள் தடைப்பட்டன. கொடையாளர்களை அழைப்பு விடுத்து வரவழைக்க வேண்டியதாயிற்று. அப்போது பெயர்ப் பட்டியல் வைத்திருந்த சங்கம் எவ்வளவு பயன்பட்டிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

சங்கங்களின் கவனத்துக்குச் சில யோசனைகள்:

1. திகதியை இரத்த வங்கி வைத்திய அதிகாரியிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். எந்த வாரத்தில் கையிருப்புக் குறையும் என்பதை அறிந்தவர் அவரே. பிரதம அதிதிக்கு வசதியான நாள் நோயாளிக்கு வசதியான நாளாக இருக்க வேண்டுமென்பதில்லை.

2. ஒரு கொப்பியை எடுத்து, பெயர், இரத்த வகை, கடைசியாகக் கொடுத்த திகதி, அடுத்து கொடுக்கக்கூடிய திகதி என நான்கு நிரல்கள் வரையுங்கள். இதற்குப் பணம் செலவில்லை. பொறுப்பாக எழுதி வைக்க ஒருவர் இருந்தால் போதும். விபரங்களைப் பிறர் கையில் சிக்காமல் காப்பதும் அவர் பொறுப்பு.

3. அங்கத்தவர்களை நான்கு குழுக்களாகப் பிரியுங்கள். முதல் மாதம் முதற்குழு, இரண்டாம் மாதம் இரண்டாம் குழு என்று போனால், ஐந்தாம் மாதத்தில் முதற்குழுவினரின் நான்கு மாத இடைவெளி பூர்த்தியாகிவிடும். வருடம் முழுவதும் இரத்தம் தடையின்றிப் போய்ச்சேரும்.

4. குழு சிறியதானால் முகாம் தேவையில்லை. ஒரு வேனில் பத்துப் பேர் அண்மையிலுள்ள வைத்தியசாலையின் இரத்த வங்கிக்குச் சென்று வரலாம். பதாகையும் ஒலிபெருக்கியும் இல்லாமலே வேலை முடிந்துவிடும்.

5. வருபவர்களுக்கு நிபந்தனைகளை முன்னரே அறிவியுங்கள். வயது 18க்கும் 60க்கும் இடைப்பட்டிருக்க வேண்டும். நிறை 50 கிலோவுக்குக் குறையக்கூடாது. ஹீமோகுளோபின் 12க்கு மேல் இருக்க வேண்டும். பாரதூரமான நோய்கள் இருத்தலாகாது. அடையாள அட்டையும் கொண்டு வரவேண்டும். வெறும் வயிற்றோடு வரலாகாது.

இறுதியாக, நம் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. முகாம்களில் பெண்கள் பலர் ஹீமோகுளோபின் போதாதென்று திருப்பி அனுப்பப்படுகின்றனர். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அதை ஓர் எச்சரிக்கையாகக் கொள்ளுங்கள். வீட்டில் எல்லோருக்கும் பரிமாறிவிட்டு எஞ்சியதை உண்ணும் பழக்கம் நம் உம்மாமாரிடம் இன்னும் இருக்கிறது. இறைச்சி, ஈரல், மீன், பருப்பு, கீரை வகைகள் உங்கள் தட்டிலும் விழட்டும். தேசிக்காய் சேர்த்துக்கொள்ளுங்கள். சாப்பிட்டவுடன் தேநீர் குடிப்பதைத் தவிருங்கள். அது உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதைக் குறைக்கும். களைப்பும் வெளிறலும் தொடர்ந்தால் வைத்தியரைக் காணுங்கள். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் இரத்தம் கொடுக்கவேண்டியதில்லை. ஆனால் மேலே சொன்ன கொப்பியைப் பராமரிக்கும் பொறுப்பை நம் சகோதரிகள் வீட்டிலிருந்தபடியே ஏற்கலாம். "நானா, உங்கட நான்கு மாதம் முடிஞ்சிட்டுது" என்று ஒரு தொலைபேசி அழைப்பு எடுப்பதும் ஒரு சேவைதான். பல இடங்களில் சங்கம் தளர்வது அப்படி நினைவூட்ட ஆளில்லாததாலேயே.

தலசீமியா பற்றிக் குறிப்பிட்டோம். திருமணத்துக்கு முன் செய்துகொள்ளக்கூடிய ஓர் இரத்தப் பரிசோதனையால் அந்நோயை எவ்வாறு தவிர்க்கலாம் என்பதை, இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் விளக்குவோம். மணவயதுப் பிள்ளைகள் உள்ள பெற்றோர் அவசியம் வாசிக்க வேண்டிய விடயம் அது.

சங்கச் செயலாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் இரத்ததான முகாம் பற்றிய செய்தியை இப்பகுதிக்கு அனுப்பும்போது, அடுத்து எந்தக் குழு எந்தத் திகதியில் இரத்தம் கொடுக்க இருக்கிறது என்பதை முதல் வரியில் எழுதுங்கள். அதிதிகளின் பெயர்கள் இடமிருந்தால் பின்னால் வரட்டும்.