ஊரை வரைய வேண்டியவர் யார்?

சென்னையில் நெரிசல் மிகுந்த பகுதிகளுள் ஒன்று திருவல்லிக்கேணி. அல்லி மலரும் கேணியை உடைய ஊர் என்பது அப்பெயரின் பொருள். 1676ஆம் ஆண்டு கிழக்கிந்தியக் கம்பெனியின் வசமாகும் வரை, அது புனித ஜார்ஜ் கோட்டைக்குத் தெற்கே இருந்த தனிச் சிற்றூர். அச்சிற்றூரின் இயற்கைத் தோற்றத்தை இன்று நினைவூட்டுவது பெரும்பாலும் அப்பெயரே.

மறையும் நிலத்தைக் கண்முன் நிறுத்தவல்லவை நிலக்காட்சி ஓவியங்கள். தாமஸ் டேனியல், அவருடைய உடன்பிறந்தார் மகன் வில்லியம் டேனியல் ஆகிய ஆங்கில ஓவியர் இருவர் 1792இல் சென்னைக்கு வந்து, தென்னாட்டில் நெடும்பயணம் மேற்கொண்டனர். திருச்சி மலைக்கோட்டை, தஞ்சைப் பெரிய கோவில், பாபநாசம் அருவி ஆகியவற்றை வரைந்தனர். இந்தியா முழுவதும் அவர்கள் கண்ட காட்சிகள், 'ஓரியண்டல் சீனரி' என்னும் தொகுப்பில் 144 அச்சோவியங்களாக 1795 முதல் 1808 வரை இலண்டனில் வெளிவந்தன. ஒளிப்படக்கலை தோன்றாத அக்காலத்தைக் காண நமக்கு வாய்த்த அரிய சான்றுகள் அவை.

ஆயினும், அவ்வோவியங்களில் மக்கள் பெரும்பாலும் சிறு உருவங்களே. மலையின் உயரத்தையும் கோபுரத்தின் பெருமையையும் காட்டும் அளவுகோலாகவே அவர்கள் நிற்கின்றனர். இதனை ஓவியரின் குறை என்பதைவிட, வழிப்போக்கர் பார்வையின் எல்லை எனலாம். வந்து செல்பவர் வியப்பூட்டுவதை வரைவார். அன்றாட வாழ்வை வரைய அங்கு வாழ்பவரே வேண்டும்.

இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய தாமஸ் கோல், அந்நாட்டையே தம் நாடாகக் கொண்டவர். கனெக்டிகட் ஆற்றின் வளைவை 1836இல் அவர் வரைந்த ஓவியத்தில், ஒருபுறம் அடர்ந்த காடு; மறுபுறம் உழுத வயல்கள். காட்டுப்பகுதியின் நடுவே, ஓவியம் தீட்டும் தம்மையும் சிறு உருவமாக வரைந்துள்ளார். மாறிக்கொண்டிருக்கும் நிலத்தில் தமக்கும் பங்குண்டு என அவர் உணர்த்துவதாகவே தோன்றுகிறது. காடுகள் அழிக்கப்படுவதை வருந்தி அவர் எழுதிய கட்டுரையும் அவ்வாண்டிலேயே வெளிவந்தது.

நிலத்தை முதற்பொருளாகவும், அந்நிலத்து மரம், பறவை, தொழில் முதலியவற்றைக் கருப்பொருளாகவும் வகுத்தது நம் திணை மரபு. மனிதரையும் அவர்தம் உழைப்பையும் நீக்கி நிலத்தைக் காண்பது நம் மரபன்று. ஆதலின், உங்கள் ஊரின் ஏரிக்கரையையும் களத்துமேட்டையும் சந்தையையும் அங்கு உழைக்கும் மக்களோடு வரையுங்கள். கோடுகள் செம்மையாக அமையாவிடினும் கவலையில்லை. வரைந்த நாளையும் இடத்தையும் மறவாமல் குறித்து வையுங்கள். நாளை அந்த ஏரி பெயரளவில் மட்டுமே எஞ்சுமாயின், அது இருந்த நிலையை எடுத்துச் சொல்ல உங்கள் தாளேனும் இருக்கட்டும்.